மயிலையின் மடியும் ராஜாவின் முரசும்

மாடு வைத்திருப்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். மாடு இல்லாதவர்கள் பின்னால் இருந்து கேட்டால் போதும். பாலே குடிக்காதவர் யாராவது இருந்தால் எழுந்து போகலாம். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை பாருங்கள். அப்படியானால் இந்தக் கதை எல்லோருக்கும்தான்.

ஆற்றுக்கு இந்தக் கரையில் நெல்லும் அந்தக் கரையில் புல்லும் விளைந்த காலம் அது. நெடுமேடு என்று ஒரு நாடு. அந்த நாட்டுக்கு வீரகண்டன் என்று ஒரு ராஜா.

கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்ட ராஜாவாக இருந்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். இவன் ஒழுங்கானவன். காலையில் எழுவது ஒழுங்கு, சாப்பிடுவது ஒழுங்கு, சிரிப்பது கூட ஒழுங்கு. ஒழுங்கானவர்கள் செய்கிற கெடுதலைக் கண்டுபிடிக்கத்தான் ஊருக்கு நாளாகும்.

அரண்மனைக் கோபுரத்தின் மேல் ஒரு பெரிய முரசு இருந்தது. பக்கத்தில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர். அதில் அடியில் சின்னத் துளை போட்ட செப்பு வட்டில் ஒன்று மிதக்கும். துளை வழியாகத் தண்ணீர் ஏறி வட்டில் முங்கினால் ஒரு நாழிகை. அறுபது தரம் முங்கினால் ஒரு பகலும் ஓர் இரவும். அந்தக் கணக்கில் முரசு முழங்கும்.

முரசு அடித்தால் ஏர் பூட்ட வேண்டும். முரசு அடித்தால் சோறு தின்ன வேண்டும். முரசு அடித்தால் விளக்கை அணைக்க வேண்டும். பசித்துக் குழந்தை அழுதால்கூட, தாய்மார் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தூக்குவார்கள். அப்படிப் பழகிப்போன ஜனங்கள்.

ராஜசபைக்கும் முரசு உண்டு. அதற்கு ராஜாவின் தாத்தா இரண்டு சட்டம் எழுதி வைத்திருந்தார். சபை கூடிவிட்டால், கலையும் முரசு அடிக்கும்வரை ராஜா முதல் காவலன்வரை யாரும் வெளியே போகக் கூடாது, இது ஒன்று. வழக்கு சொல்ல வந்தவர் சொல்லி முடிக்கும்வரை அந்த முரசை அடிக்கக் கூடாது, இது இரண்டு. பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய சட்டங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புல் விளைகிற கரையில், கறவைக்காரர்களின் தெருவில், பேய்ச்சி என்று ஒருத்தி இருந்தாள். அந்தத் தெருவே அரண்மனைக்குப் பால் ஊற்றுகிற தெரு. பேய்ச்சிக்கு மூன்று மாடு. ஒன்று கிழடு. ஒன்று சினை. மூன்றாவதுதான் மயிலை. சாம்பல் பூத்த நிறம், அகலமான மடி, கன்று ஈன்று நாற்பது நாள். வீட்டுக்கு உலை வைப்பது அந்த மயிலைதான்.

பேய்ச்சி கோபக்காரி. மாட்டிடம் மட்டும் கோபப்பட மாட்டாள். அங்கே மிச்சம் பிடித்த கோபம் மொத்தமும் மனுசருக்குத்தான்.

அவள் பால் கறக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கையைக் கழுவுவாள். பிறகு மடியைக் கழுவித் துடைப்பாள். கன்றை ஊட்டவிட்டு, மாடு சுரப்பு விட்டு மடியில் பால் இறங்கியதும், ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பீய்ச்சலைக் கீழே கிடக்கும் ஒரு கறுப்புக் கல்லின் மேல் பீய்ச்சுவாள். உள்ளங்கை அகலக் கல். கறுப்பில் வெள்ளை விழுந்தால் ஒளித்து வைக்க முடியாது. பால் வழுவழுவென்று ஓடினால் மடி நலம். தயிர்த் திரி மாதிரி திரிந்து விழுந்தால் அந்தக் காம்பில் நோய். கல் நல்ல சேதி சொன்ன பிறகுதான் செம்பு மடிக்குக் கீழே போகும். கன்றுக்கு உள்ளதை விட்டுவிட்டு மீதியைத் தேங்கவிடாமல் கறப்பாள்.

விடிகிறபோது ஒரு தரம், விளக்கு வைக்கிறதுக்கு முன்னால் ஒரு தரம். கன்று ஈன்ற புதிதில், மடி கொள்ளாமல் பால் இருக்கிறபோது, உச்சி வேளையில் மூன்றாவது தரம். அந்த மூன்றாவது தரத்துக்குக் கூலி உண்டு. ஒரு கூடைப் பசும்புல், ஒரு கை புண்ணாக்கு, அப்புறம் மாடு படுத்து அசைபோட நிழல்.

"ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற" என்பார்களே, அதைப் பேய்ச்சி வாயால் சொன்னதில்லை. கையால் செய்துகொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில் ராஜாவின் பட்டாபிஷேக ஆண்டு நாள் நெருங்கியது. நாட்டில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பால்பாயசம் என்று ராஜா அறிவித்துவிட்டான். ஆசை நல்ல ஆசைதான். பாலுக்கு எங்கே போவது? மந்திரி தாண்டவராயர் பல்லக்கில் ஏறிக் கறவைக்காரர் தெருவுக்கு வந்தார். தாண்டவராயர் படித்தவர். ஆனால் எதையும் பாதி கேட்டுவிட்டு ஓடுகிற சுபாவம்.

"ஏம்மா, உன் மாடு எவ்வளவு கறக்குது?"

"ரெண்டு தரம் கறந்தா ஆறு படி, அய்யா. இப்போ மூணு தரம் கறக்குறேன், ஏழு படி."

தாண்டவராயர் விரலை மடக்கினார். இரண்டுக்கு ஆறு. மூன்றுக்கு ஏழு. நாலுக்கு எட்டு, ஐந்துக்கு ஒன்பது, ஆறுக்குப் பத்து. முகம் மலர்ந்துவிட்டது.

"அய்யா, நில்லுங்க. அந்த ஏழாவது படி காம்புல இருந்து வரல, புல்லுக்கூடையில இருந்து வந்தது" என்றாள் பேய்ச்சி.

பல்லக்கு அதற்குள் தெருவைத் தாண்டிவிட்டது.

மறுநாளே முதல் கட்டளை வந்தது. நாட்டில் உள்ள கறவை மாடுகளை எல்லாம் பத்து நாழிகைக்கு ஒரு தரம், பகலும் இரவுமாக ஆறு தரம் கறக்க வேண்டும். முரசு அடிக்கும், கறக்க வேண்டும்.

முதல் மூன்று நாள் பால் கூடியது. ஆமாம், கூடியது, நான் ஏன் மறைக்க வேண்டும்? ராஜா மகிழ்ந்தான். தாண்டவராயருக்கு ஒரு சால்வை கிடைத்தது. நாலாம் நாள் பால் கூடாமல் நின்றது. ஆறாம் நாள் இறங்கியது.

இறங்காமல் என்ன செய்யும்? மாடு தின்றதை அசைபோடப் படுக்கும். படுத்தவுடனே முரசு. எழுப்பி நிறுத்தினால் கால் நடுங்கும். கறந்து கறந்து காம்பு வெடித்துப் புண்ணாகிவிட்டது. புண்ணில் கை பட்டால் மாடு உதைக்கும், உதைத்தால் பால் கொட்டும். கன்றுக்கு ஒரு வாய் மிச்சமில்லை. ஆறு தரம் கறக்கச் சொன்னவர்கள், ஆறு பிடி புல் கூடப் போடச் சொல்லவில்லை.

பேய்ச்சி மட்டும் தொழுவத்துத் தட்டியைச் சாத்திவிட்டு, அதன் முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். சேவகர்கள் வந்தார்கள்.

"முரசு கேட்கலையா உனக்கு?"

"எனக்குக் கேட்டது. மாட்டுக்குக் கேட்கல. அது படுத்திருக்கு. எழுந்திரிச்ச பிறகு வாங்க."

"ராஜா கட்டளை."

"ராஜாவுக்குப் பால் குறைஞ்சா என்னைக் கேளுங்க. எத்தனை தரம் கறக்குறதுன்னு எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

தெருவே வாயைப் பொத்திக்கொண்டது. அவளுடைய மாடுகள் ஆற்றோரப் புல்வெளியில் கால் வைக்கக் கூடாது என்று தண்டனை விழுந்தது.  பேய்ச்சி அரிவாளை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு நடந்தாள். தலைச்சுமையாகப் புல் கொண்டுவந்து போட்டாள். மயிலை ஏழு படியில் நின்றது, அந்தத் தெருவிலேயே குறையாத மடி அது ஒன்றுதான்.

அதைப் பார்த்தாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவர்களுக்குத் தும்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது.

பால் குறைந்த கோபத்தில் ராஜா தாண்டவராயரைக் கூப்பிட்டான். தாண்டவராயர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

"மகாராஜா, அடிக்கடி மதகைத் திறந்தா ஏரி எப்படி நிறையும்? மடியும் ஏரி மாதிரிதான். ஒரு நாள் முழுக்க நிறையட்டும். ஒரே தரம் திறப்போம். வெள்ளமா வரும்."

இரண்டாவது கட்டளை வந்தது. அன்றிலிருந்து மாடுகளை ஒரு நாளைக்கு ஒரே தரம், உச்சி முரசுக்குத்தான் கறக்க வேண்டும். மற்ற நேரம் மடியில் கை வைக்கக் கூடாது, கன்றையும் அண்டவிடக் கூடாது. மீறிக் கை வைத்தவருக்கு அந்தக் கை இருக்காது.

முந்தாநாள் ஆறு தரம் கறந்த மாடு, இன்றைக்கு ஒரு தரம். யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தடவை தாண்டவராயரே பேய்ச்சி வாசலுக்கு வந்தார். அவள் விளக்கு வைக்கும் நேரத்துக் கறவையைக் கறந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"உனக்கு உயிர் மேல ஆசை இல்லையா?"

"இருக்குங்க. மயிலைக்கும் இருக்கு."

"மடி ஏரி மாதிரிம்மா. நிறைய விடணும்."

"ஏரி நிறைஞ்சா மறுகால் வழியாத் தண்ணி வெளியே போயிரும், அய்யா. மடிக்கு மறுகால் எங்க இருக்கு? பால் தேங்கினா உள்ளே வலிக்கும். வலிச்சா மாடு என்ன நினைக்கும்? இவங்களுக்குப் பால் வேண்டாம்போலன்னு சுரப்பைக் குறைக்கும். தேங்கின மடியில நோய் பூந்தா காம்பே அவிஞ்சு போயிரும். வெள்ளமா வராது, அய்யா. வறண்டுதான் போகும்."

தாண்டவராயர் இதிலும் பாதிதான் கேட்டார். கையை வெட்ட ராஜாவின் முத்திரை வேண்டும், அதற்கு நாளாகும். அதனால் மயிலையைப் பிடித்து அரண்மனைத் தொழுவத்தில் கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

சேவகர்கள் மயிலையை இழுத்துப் போனார்கள். கன்று பின்னாலேயே ஓடியது. அதை மட்டும் விரட்டிவிட்டார்கள். அன்று ராத்திரி முழுக்க அந்தக் கன்று கத்தியது. தெருவில் யாருக்கும் தூக்கமில்லை. முரசடித்து விளக்கை அணைத்துவிட்டால் தூக்கம் வந்துவிடுமா?

ஒரு நாள் பொறுத்தாள். இரண்டாம் நாள் உச்சி சாய்ந்ததும், கறுப்புக் கல்லை மடியில் கட்டிக்கொண்டு அரண்மனைத் தொழுவத்துக்குப் போனாள். அங்கே மாடு பார்ப்பவன் பெயர் சடையன். இந்தத் தெருவில் பிறந்தவன்தான். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

மயிலை பின்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்து நின்றது. மடி பானை மாதிரி விம்மி, தோல் பளபளத்து, சிவந்து கிடந்தது. தொட முடியாத சூடு. காம்பு நுனியில் பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பேய்ச்சியைப் பார்த்ததும் அது கத்தக்கூட இல்லை, கழுத்தை மட்டும் நீட்டியது.

"முரசுக்குக் கறந்தேன் அக்கா. கன்னு இல்லாம சுரப்பு விடல. உதைச்சுது. பாதிகூட வரல. இனி நாளைக்கு உச்சிக்குத்தான் கை வைக்கணும்" என்றான் சடையன்.

பேய்ச்சி கல்லைக் கீழே வைத்தாள். "சொட்டுறதைப் பிடிக்கக் கூடாதுன்னு கட்டளை இல்லையே" என்று சொல்லி, சொட்டுகிற காம்புக்குக் கீழே ஒவ்வொன்றாகக் கல்லைப் பிடித்தாள். மூன்று காம்பில் பால் வழுவழுவென்று விழுந்தது. இடது முன்காம்பில் திரிந்து விழுந்தது.

நாளைக்கு உச்சிவரை விட்டால் நாலு காம்பும் போகும். அதற்கப்புறம் மயிலையும் போகும். அது பேய்ச்சிக்குத் தெரியும், சடையனுக்கும் தெரியும்.

"நான் கை வச்சா என் கை போயிரும் அக்கா. பிள்ளைகுட்டிக்காரன்" என்றான் அவன்.

"உன்னை யாரு கேட்டா? வெந்நீர் போட்டு வை. கத்தாழையை அறுத்து வை. மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்து வை. என் கன்னையும் ஓட்டிட்டு வா. நான் ராஜாவைக் கூட்டிட்டு வர்றேன்."

ராஜாவையா என்று சடையன் கேட்பதற்குள் அவள் கல்லைத் துடைக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேராகச் சபைக்குப் போனாளா? இல்லை. வீட்டுக்கு வந்தாள். அது சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம். ஒரு பெரிய பானை நிறைய மோரைக் கடைந்து, தண்ணீர் தாராளமாக விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, உப்பும் கறிவேப்பிலையும் போட்டுக் கலக்கினாள். பானையைத் தலையில் வைத்துக்கொண்டு சபைக்குப் போனாள்.

சபையில் காற்றே இல்லை. ராஜா வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மகாராசா, கட்டளையை மீறினவ பேய்ச்சி. வழக்கு சொல்ல வந்திருக்கேன். வெறுங்கையோட வரக் கூடாதுன்னு மோர் கொண்டாந்தேன்" என்றாள்.

ராஜா ஒரு செம்பு குடித்தான். நாக்குக்கு இதமாக இருந்தது. இரண்டாவது செம்பு குடித்தான். மூன்றாவது செம்பும் குடித்தான். தாண்டவராயர் மட்டும் சும்மா இருப்பாரா, அவரும் மூன்று செம்பு.

"என் வழக்கு கொஞ்சம் நீளம், மகாராசா. முழுசாச் சொல்லலாமா?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். "எங்க தாத்தா காலத்துலேருந்து இந்தச் சபையில வழக்கு சொல்றவங்களை இடையில நிறுத்தினது கிடையாது. சொல்லும்மா."

பேய்ச்சி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். எங்கிருந்து ஆரம்பித்தாள் என்கிறீர்கள்? மயிலையின் பாட்டி மாட்டிலிருந்து. அந்த மாடு ஆற்றில் வெள்ளம் வந்தபோது எப்படி நீந்தி வந்தது, வெள்ளம் எப்படிச் சுழித்தது, கரை எப்படி நனைந்தது என்று நிதானமாகச் சொன்னாள். சபை மூலையிலும் ஒரு வட்டில் உண்டு, அது ஒரு தரம் முங்கியது.

ராஜா ஒரு காலை மாற்றி வைத்துக்கொண்டான். "முடிஞ்சுதாம்மா?"

"பாட்டி கதைதான் முடிஞ்சுது மகாராசா. இனி மயிலையோட ஆத்தா."

மயிலையின் தாய் பிறந்த அன்று பெய்த மழையைச் சொன்னாள். கூரை எங்கெங்கே ஒழுகியது, எத்தனை சட்டி வைத்தார்கள், சட்டியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக எப்படி விழுந்தது என்று சொன்னாள். வட்டில் இன்னும் ஒரு தரம் முங்கியது. தாண்டவராயர் சால்வையைக் கசக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"முடிஞ்சுதா?" என்றான் ராஜா. குரல் மாறியிருந்தது.

"இனிதான் மயிலை வருது மகாராசா. விடியக்காலையில செம்பை வச்சு முதல் பீய்ச்சல் பீய்ச்சினா சர்ருனு ஒரு சத்தம் கேட்கும் பாருங்க..."

சிரிக்காதீர்கள். உங்களில் யாரை அந்தச் சிங்காதனத்தில் உட்கார வைத்திருந்தாலும் அதே கதிதான். வட்டில் மூன்றாவது தரம் முங்கியது. ராஜாவின் நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. இரண்டு கையாலும் சிங்காதனத்தைப் பிடித்துக்கொண்டான்.

"முரசை அடிக்கச் சொல்லு" என்று காவலனைப் பார்த்துச் சொன்னான்.

காவலன் கோபுரத்தைப் பார்த்துக் கையை ஆட்டினான். மேலேயிருந்து பதில் வந்தது. "வழக்கு முடியல. அடிக்கக் கூடாது. சட்டம்."

"முடிஞ்சுதா? முடிஞ்சுதாம்மா? முடிஞ்சுதுன்னு சொல்லு" என்றான் ராஜா.

பேய்ச்சி அவனை நேராகப் பார்த்தாள். அதுவரை இருந்த கதை சொல்கிற குரல் போய்விட்டது.

"மூணு செம்பு மோர், மகாராசா. வட்டில் மூணு தரம்தான் முங்கியிருக்கு. என் மயிலை மடியில ஏழு படி பால். அதுக்கு வட்டில் அறுபது தரம் முங்கணும்னு கட்டளை போட்டது நீங்க. உங்களுக்கு வாய் இருக்கு, முடிஞ்சுதான்னு கேட்கறீங்க. அது யார்கிட்ட கேட்கும்? எழுந்திரிங்க. உங்களை யாரும் கட்டி வைக்கல."

ராஜா எழுந்தான். முரசு அடிக்கவில்லை, வழக்கு முடியவில்லை, தாத்தாவின் சட்டம் அப்படியே இருக்கிறது, ராஜா சிங்காதனத்தை விட்டு எழுந்து வெளியே ஓடினான். இன்னொரு வாசல் வழியாகத் தாண்டவராயர் ஓடியதை யாரும் கவனிக்கவில்லை.

 தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரிந்த பிறகு சில பேர் திருந்துவார்கள், சில பேர் தெரியவைத்தவரின் தலையை வெட்டுவார்கள். எது நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பேய்ச்சி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

ராஜா திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"என்னை அவமானப்படுத்தத்தானே வந்தே?"

"இல்ல மகாராசா. அதுக்குன்னு வந்திருந்தா நாலாவது செம்பும் கொடுத்திருப்பேன்."

அவள் மடியிலிருந்து கறுப்புக் கல்லை எடுத்து ராஜாவின் முன்னால் வைத்தாள். கல்லின் ஓர் ஓரத்தில் வெள்ளையாகத் திரிந்து காய்ந்திருந்தது.

"இதுதான் உங்க பாயசத்துக்குப் போற பால். ஊருக்கெல்லாம் இதைத்தான் ஊத்தப் போறீங்க. என் கையை வெட்டணும்னா வெட்டுங்க. ஆனா இப்போ வேண்டாம். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள என் மாட்டைக் கறக்கணும். அதுக்கு இந்தக் கை வேணும்."

ராஜா கல்லைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஒழுங்கானவன் என்று சொன்னேன் அல்லவா? தன் சட்டத்தைத் தானே மீறியவன் அடுத்தவர் கையை எப்படி வெட்டுவான்? அந்த மட்டுக்கும் அவனிடம் நேர்மை இருந்தது.

"தொழுவம் எங்கே?" என்று கேட்டான். தன் அரண்மனையில் தன் தொழுவம் எங்கே என்று ராஜாவுக்குத் தெரியாது.

சடையன் வெந்நீரோடு நின்றுகொண்டிருந்தான். ராஜா பின்னால் வருவதைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். கன்றை அவிழ்த்து விட்டார்கள். கன்றை நக்கிக்கொண்டே மயிலை சுரப்பு விட்டது. பேய்ச்சி மடிக்கு ஒத்தடம் கொடுத்து, நல்ல காம்பு மூன்றையும் முதலில் மெதுவாகக் கறந்தாள். நோய்ப்பட்ட காம்பைக் கடைசியில் தனியாகக் கறந்து, அந்தப் பாலைக் குழியில் ஊற்றி மூடினாள். கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து மடி முழுக்கப் பூசினாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காம்பை மறுபடியும் கறந்தாள். பிறகு இன்னொரு தரமும் கறந்தாள்.

தாண்டவராயர் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அடிக்கடி கறக்கக் கூடாதுன்னு சண்டை போட்டவ, நீயே இப்போ அடிக்கடி கறக்குறியே."

"நோய்ப்பட்ட காம்பைத் தேங்கவிடாம அடிக்கடி கறக்கணும். நல்ல மடியைக் காலம் தவறாம, அளவாக் கறக்கணும். புதுசா ஈன்ற மாட்டுக்குத் தீனியைக் கூட்டி ஒரு தரம் கூடக் கறக்கலாம். சினை முத்தினா கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு விட்டுரணும். இன்னைக்காவது முழுசாக் கேட்டுட்டுப் போங்க, அய்யா."

மூன்று நாள் பேய்ச்சி அந்தத் தொழுவத்தை விட்டு நகரவில்லை. மயிலை பிழைத்தது. மூன்று காம்பு பிழைத்தது. இடது முன்காம்பு வற்றிச் சுருங்கிவிட்டது, அதில் பிறகு பால் வரவே இல்லை. கதைதானே, அதையும் சரியாக்கிவிடு என்று நீங்கள் நினைக்கலாம். அவிந்த காம்பை எந்தக் கதையாலும் திருப்பித் தர முடியாது.

ராஜா பேய்ச்சிக்குப் பத்து மாடு தருகிறேன் என்றான்.

"வேண்டாம். புல்லுக்கரையில இனி உங்க முரசுக்கு மாடு கறக்கச் சொல்லக் கூடாது. புல்வெளியைத் திறந்து விடுங்க. தெருக்காரங்க மாட்டை அவங்கவங்க கறந்துக்குவாங்க."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு இருக்கு. நாளையிலேருந்து விடியக்காலையில என் தொழுவத்துக்கு வந்து மயிலைக்குப் புல்லு போடுங்க. அந்தக் காம்பைத் தினம் பார்த்தாத்தான் உங்களுக்கு மறக்காது."

ராஜா வந்தான். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தினமும் விடியலில் புல்லுக்கூடையோடு வந்தான். பட்டாபிஷேக நாள் அதற்கு நடுவில் வந்துபோனது. மடிகள் ஆறிக்கொண்டிருந்த சமயம் அது. அதனால் ஆளுக்கு உள்ளங்கை அளவுதான் பாயசம் கிடைத்தது. அரண்மனைக்கும் அதே அளவுதான்.

நாற்பத்தெட்டாம் நாள் பேய்ச்சி கறக்க உட்காரும்போது ராஜா கேட்டான். "பேய்ச்சி, இப்போ மடி நிறைஞ்சிருக்கே. இன்னைக்கு உச்சியில ஒரு தரம் கூடக் கறக்கலாமா?"

பேய்ச்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "என்னை ஏன் கேட்கறீங்க?" என்று சொல்லி, கறுப்புக் கல்லை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

நெடுமேட்டு நாட்டின் ராஜா சாணித் தரையில் குந்தி உட்கார்ந்தான். கையைக் கழுவினான். மடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மயிலை திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்தான். அப்போது தூரத்தில் முரசு அடித்தது, அவன் எழுந்திருக்கவில்லை.

மாடு வைத்திருப்பவர்களே, ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களே, கதையைக் கேட்டுவிட்டீர்கள், இதையும் கேட்டுக்கொண்டு போங்கள்: எடுக்கிறவன் ராஜாவே ஆனாலும், எப்போது எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பதைக் கொடுக்கிற உயிரிடம்தான் கேட்க வேண்டும்.